அறையோடு வந்த உறவு

பல் தேய்க்கும் பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டு நான் அறையை விட்டு வெளியே வந்தபோது, நடு அறைப் பெண் கூடத்தில் ஸ்டூல் போட்டு ஏறி நின்று உத்தரத்தை அளந்துகொண்டிருந்தாள். இழுத்தால் நீண்டு, விட்டால் சட்டென்று சுருண்டுகொள்ளும் இரும்பு டேப். அதன் நுனியை, உத்தரமும் சுவரும் சேரும் இடத்தில் விரலால் அழுத்திப் பிடித்திருந்தாள். விடுமுறை நாள் காலை. எங்களுக்கு அறை விட்டிருக்கும் அக்கா குளித்துக்கொண்டிருந்தாள், பால்கனி அறைக் கண்டக்டர் இன்னும் எழுந்திருக்கவில்லை. யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்து ஏறியிருப்பாள் போல. என்னைப் பார்த்ததும் டேப்பை விட்டாள். அது சரசரவென்று உள்ளே ஓடிப்போனது.

"என்ன பண்றீங்க?" என்று கேட்டேன். வாயில் நுரை இருந்ததால் கேள்வியில் போதிய மிரட்டல் இல்லை.

"சும்மா பாத்தேன்க்கா" என்றாள்.

சும்மா. நான் வேலை பார்ப்பது ஒரு காப்பீட்டு நிறுவனத்தில், நஷ்டஈடு கேட்டு வருபவர்களைச் சரிபார்க்கும் பிரிவில். கூரை ஒழுகி டிவி போய்விட்டது, தண்ணீர் புகுந்து சோபா பாழாகிவிட்டது என்று படம் எடுத்து அனுப்புவார்கள். அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்து எது நிஜம், எது ஜோடனை என்று சொல்வதுதான் என் பிழைப்பு. ஒரே ஈரக்கறையை இரண்டு பக்கம் நின்று எடுத்து இரண்டு அறை என்று காட்டிய ஆளைப் பிடித்திருக்கிறேன். வெள்ளத்தில் மூழ்கியதாகச் சொல்லப்பட்ட சோபாவுக்கு அடியில் ஒரு பூனை சொகுசாகத் தூங்கிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்ததும் நான்தான். அந்தப் பூனை எங்கள் ஆபீசில் இன்றைக்கும் பிரபலம். சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் வாங்குகிற ஒருத்தியிடம் போய் சும்மா என்று சொல்லலாமா. இத்தனை வருஷத்தில் சும்மா ஸ்டூல் மேல் ஏறிய யாரையும் நான் பார்த்ததில்லை.

இந்த வீட்டில் அறை வாடகைக்கு எடுத்தால் அறையோடு ஓர் உறவுமுறையும் கிடைக்கும். வீடு அக்காவுக்குச் சொந்தமானது இல்லை. அவளுடைய அப்பா காலத்தில் குடிவந்த வாடகை வீடு. அப்போது பேசி எழுதிக்கொண்டபடி, அந்தக் குடும்பத்தில் ஒருவர் குடியிருக்கும்வரை காலி செய்யச் சொல்ல முடியாது. அவர்களோடு உறவுக்காரர்களும் தங்கிக்கொள்ளலாம். வெளியாளுக்கு உள்வாடகை விட்டது தெரிந்தால் மட்டும், மொத்த வீட்டையும் உடனே ஒப்படைத்துவிட வேண்டும். புருஷன் போய், பெற்றவர்களும் போய், தனியாளாக நின்ற அக்காவுக்குத் தெருமுனை மருந்துக்கடைச் சம்பளத்தில் இவ்வளவு பெரிய வீடு கட்டுப்படியாகவில்லை. அதனால் வெளியாட்களையெல்லாம் சொந்தமாக்கிக்கொண்டாள். சமையலறைக்குப் பக்கத்துச் சின்ன அறையில் இருப்பவள் சித்தி மகள். அது நான். எனக்கு முன்னால் இருந்தவளும் சித்தி மகள், அவளுக்கு முன்னால் இருந்தவளும் அதேதான். தெருவைப் பார்த்த பால்கனி அறை நாத்தனாருக்கு. அங்கே பஸ் கண்டக்டர் ஒருத்தி இருக்கிறாள். "நாத்தனார்னா கொஞ்சமாவது கொடுமை பண்ணணும்ல" என்று சொல்லிக்கொண்டு, அக்கா போடும் டீயில் தினமும் ஒரு குறை கண்டுபிடிப்பாள். நடு அறை ஒன்றுவிட்ட தங்கைக்கு என்றிருந்தது. அவள் கல்யாணம் பண்ணிக்கொண்டு போனபின் கொஞ்ச நாள் காலியாகக் கிடந்தது.

ஒரு சாயங்காலம் நானும் கண்டக்டரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, அக்கா இந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கையில் ஒரு பெட்டி, தோளில் நீளமான ஒரு பிளாஸ்டிக் குழாய். கட்டட வரைபடம் போடும் ஆபீசில் வேலையாம். "இவ என் அண்ணன் மகள். நடு அறையில இருப்பா" என்றாள் அக்கா. அவ்வளவுதான் அறிமுகம். எனக்குக்கூட அப்படித்தான் நடந்தது. "இவ என் சித்தி மகள்" என்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டு, என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். அதனால் நாங்கள் இருவரும் தலையாட்டிக்கொண்டோம். இந்தத் தடவை பதவி மாறியிருக்கிறதே என்று மட்டும் நான் நினைத்தேன். "சின்னப் பொண்ணு, தங்கச்சின்னா நம்ப மாட்டாங்க. அதான் மகளாக்கிட்டா" என்று கண்டக்டர் காதோடு சொன்னாள்.

வீட்டுச் சொந்தக்காரர் இருந்தவரைக்கும் இந்த நாடகத்துக்கு ஆபத்து வரவில்லை. பெரிய ஐயா என்று எல்லோரும் கூப்பிடும் அந்தக் கிழவருக்கு எல்லாம் தெரியும். படியில் என்னைப் பார்த்தால், "உங்க அம்மாவுக்கு மொத்தம் எத்தன பொண்ணும்மா" என்று கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே இறங்கிப் போவார். அவர் கண்ணை மூடியதும் கட்டடம் அவருடைய மாப்பிள்ளை கைக்குப் போனது. அதே சமயத்தில்தான் எங்கள் பேட்டைக்கும் புதுப் பவுசு வந்தது. கீழே ஆணியும் தாழ்ப்பாளும் விற்ற கடை காப்பிக்கடையாக மாறியது. பழைய பெயர்ப்பலகையை மட்டும் அழகுக்கு என்று அப்படியே விட்டுவைத்தார்கள். யாராவது பழைய நினைப்பில் போய்த் தாழ்ப்பாள் கேட்டால், கடைப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். எதிரே இருந்த கிடங்கு தங்கும் விடுதி ஆகிவிட்டது. அங்கே தங்குபவர்கள் ஜன்னலில் நின்று, எங்கள் பால்கனியில் காயும் துணியைப் படம் எடுக்கிறார்கள். எங்கள் மரப்படிக்கட்டு எப்போது வேண்டுமானாலும் விழும் என்று மாப்பிள்ளை ஒரு பலகை மாட்டினார். அந்தப் பலகைக்குக் கீழேயே கல்யாண ஜோடிகளைப் படம் எடுக்க வாடகைக்கும் விட்டார். வேலைக்குப் போகும் அவசரத்தில் மாலையும் கழுத்துமாக நிற்கிறவர்களை ஒதுக்கிக்கொண்டு நாங்கள் இறங்க வேண்டும்.

முதல் மாடி காலியாகிவிட்டது, மூன்றாவது மாடியும்தான். நடுவில் நாங்கள் மட்டும் பாக்கி. எங்களைக் கிளப்புவதற்கென்று மாப்பிள்ளை அனுப்பும் ஆளுக்கு டார்ச் என்று பெயர் வைத்தது கண்டக்டர். பெரிய ஐயாவிடம் காலமெல்லாம் வேலை பார்த்த வயசான மனுஷர். பட்டப்பகலிலும் கையில் ஒரு டார்ச் விளக்கோடுதான் வருவார். விரிசல் எங்கே, ஒழுகல் எங்கே என்று சுவர் சுவராக அடித்துப் பார்ப்பார். அப்படியே எங்கள் முகத்திலும் ஒரு தடவை அடிப்பார்.

எனக்கு இந்த அறை போனால் போக்கிடம் அண்ணன் வீடுதான். புருஷனோடு ஒத்துவராமல் வந்தபோது முதலில் அங்கேதான் போனேன். கூடத்தில், எல்லோரும் டிவி பார்த்து முடித்து எழுந்து போன பிறகு பாய் விரிப்பேன். காலையில் அண்ணி விளக்குப் போடுவதற்குள் சுருட்டிவிட வேண்டும். அண்ணி கெட்டவள் இல்லை. ஒரு வார்த்தை கடுமையாகச் சொன்னதில்லை. ஆனால் நான் குளியலறையில் இருக்கும்போதெல்லாம், அந்தப் பக்கம் யாரிடமாவது, "உள்ள ஆள் இருக்கு" என்று சொல்லுவாள். பெயர் சொல்லமாட்டாள், நாத்தனார் என்றும் சொல்லமாட்டாள். ஆள். இங்கே வந்து என் அறைக்கதவை உள்ளே தாழிட்டுக்கொண்ட முதல் நாள், வேறு வேலை இல்லாதவள் போல நான் அந்தத் தாழ்ப்பாளைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். மறுபடி அந்தக் கூடத்தில் போய்ப் பாய் விரிக்க நான் தயாராக இல்லை. அதனால்தான் சொல்கிறேன், உத்தரத்தை ஒருத்தி சும்மா அளக்கிறாள் என்றால் என்னால் சும்மா இருக்க முடியாது.

அதற்குப் பிறகு அவளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க ஆரம்பித்தேன். பார்க்கப் பார்க்கச் சந்தேக மூட்டை பெரிதானது. சமையலறைச் சுவரில் விரிசல் ஓடும் இடத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுத்தாள். படிக்கட்டின் கைப்பிடியைத் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டாள். நான் வந்தால் போனைக் கவிழ்த்து வைத்தாள். எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்தியது, அவள் அக்காவை அத்தை என்று கூப்பிட்ட விதம். நாடகம் என்றால் பார்க்க ஆள் இருக்கும்போது ஆடினால் போதும். இவள் சமையலறையில் யாரும் இல்லாதபோதுகூட, "அத்தை, உப்பு எங்க இருக்கு?" என்று கேட்டாள். அக்காவுக்குத் தலைவலி வந்தால் மருந்துக்கடைக்காரிக்கே மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். அக்காவோ அவளிடம் எங்களிடம் பேசுவதில் பாதிகூடப் பேசுவதில்லை. கேட்டதற்கு ஒரு வார்த்தை, அதுவும் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு. அக்காவுக்கும் இவள்மேல் நம்பிக்கை இல்லை என்று நான் எடுத்துக்கொண்டேன். பொய் விண்ணப்பங்களில் எப்போதும் தேவைக்கு மேல் படங்கள் இருக்கும். உடைந்தது ஒரு டிவி என்றால் பத்துப் படம் வரும். இவள் ஓயாமல் அத்தை, அத்தை என்பதும் அப்படித்தான் எனக்குப் பட்டது.

கண்டக்டரிடம் சொன்னேன். அவள் பையிலிருந்த சில்லறையைப் பிரித்துக்கொண்டே, "உனக்கு ஆபீஸ் வேலைய வீட்டுக்குக் கொண்டு வர்ற வியாதி. விடு. பஸ்ல ஏறினவ எங்க இறங்கினா நமக்கென்ன" என்றாள்.

"இறங்கும்போது நம்மளையும் சேத்துத் தள்ளிவிட்டான்னா?"

"அப்பப் பாத்துக்கலாம்."

அந்த வாரமே கையும் களவுமாகப் பிடித்துவிட்டதாக நினைத்தேன். வேலை முடிந்து வரும்போது கீழே காப்பிக்கடையில், தெருவைப் பார்த்த கண்ணாடிக்கு உள்ளே, அவளும் டார்ச்சும் எதிரெதிராக உட்கார்ந்திருந்தார்கள். டார்ச் விளக்கு மேஜை மேல் படுத்துக் கிடந்தது. அவர் ஏதோ கேட்டார், அவள் தலையைக் குனிந்துகொண்டு பதில் சொன்னாள். அவர் கை நீட்டி அவள் தலையைத் தொட்டார். எனக்கு வந்த கோபத்தில் படியில் நின்றிருந்த கல்யாணப் பெண்ணின் புடவையை மிதித்துவிட்டேன். மேலே வந்து, மருந்துக்கடையிலிருந்து அக்கா வரும்வரை கூடத்திலேயே காத்திருந்து, பார்த்தது அத்தனையையும் சொன்னேன். அளந்தது, படம் எடுத்தது, டார்ச்சோடு காப்பி குடித்தது.

அக்கா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. சுவரில் சாய்ந்து நின்று கேட்டாள். பிறகு, "அவ என் அண்ணன் மகள்" என்றாள்.

"என்கிட்டயேவாக்கா?" என்று நான் சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. என்னவோ சொல்ல வந்தவள் மாதிரி ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தாள். "நீ ஒழுங்காத் தூங்குறியா இல்லையா? கண்ணெல்லாம் உள்ள போயிருக்கு" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். மருந்துக்கடையில் நின்று நின்று, எதைச் சொன்னாலும் உடம்புக்கு என்ன என்றே கேட்டுப் பழகிவிட்டாள். இவள் வெகுளி, இவளை நம்பிப் பயனில்லை, இந்த வீட்டை நான்தான் காப்பாற்ற வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

என் கணக்கு இதுதான். இவள் மாப்பிள்ளையின் ஆள். நேரம் பார்த்து, தான் சொந்தமில்லை, வாடகை கொடுத்துத்தான் இருப்பதாக அவர்கள் முன்னால் சொல்வாள். ஒருத்தி வாயைத் திறந்தால் போதும், வீடு போய்விடும். அதற்கு முன்னால் நாமே அவளை வெளியாள் என்று சொல்லிவிட்டால்? வாடகைக்கு இல்லை, சும்மா வந்து தங்கியிருக்கும் விருந்தாளி, நாளைக்குக் கிளம்புகிறாள் என்று சொல்லிவிட்டால், அப்புறம் அவள் எதைச் சொன்னாலும் எடுபடாது. ஆபீசில் மேலதிகாரி எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. சாட்சி வாய் திறப்பதற்குள் அந்தச் சாட்சியைத் தள்ளுபடி பண்ணிவிட வேண்டும். யோசிக்க யோசிக்க என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்தச் சந்தர்ப்பம் நான் லேசான காய்ச்சலோடு லீவு போட்டிருந்த ஒரு மத்தியானம் வந்தது. கதவைத் தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தேன். டார்ச். நிலைப்படியின் மேல்பக்கம் வெளிச்சத்தை அடித்துக்கொண்டே உள்ளே வந்தார்.

"அக்கா இல்லையா?"

"கடைக்குப் போயிருக்காங்க."

"நீங்க?"

"சித்தி மகள்."

"ம். எத்தனாவது சித்தி மகள்?" என்றார். பெரிய ஐயா கேட்ட அதே கேள்விதான், சிரிப்பு மட்டும் இல்லை.

அந்த நேரத்தில் நடு அறைக் கதவு திறந்தது. அவள் வீட்டில் இருக்கிறாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் திறந்தேன்.

"இவங்க எங்க சொந்தம் இல்ல. வேலை விஷயமா வந்தவங்க. சும்மா தங்கியிருக்காங்க, வாடகையெல்லாம் இல்ல. நாளைக்குக் கிளம்பிடுவாங்க."

டார்ச் விளக்கை அணைத்தார். "சொந்தம் இல்லையா?"

"இல்ல."

"நல்லாத் தெரியுமா?"

"தெரியாம சொல்வேனா?"

அவர் என்னைத் தாண்டி அவளைப் பார்த்தார். "என்ன பாப்பா, உன் அத்தை வீட்டுலயே உன்ன யாருக்கும் தெரியல போலிருக்கே" என்றார். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டார்ச் என் பக்கம் திரும்பினார். அவர் குரலில் ஏளனம்கூட இல்லை, வாத்தியார் தப்பைத் திருத்துவது மாதிரித்தான் பேசினார்.

"இவ அப்பாவும் நானும் இந்த மாடிப்படி முடியிற இடத்துல பலகை போட்டு கேரம் ஆடியிருக்கோம். அன்னிக்கு கீழ காப்பிக்கடையில இவ முகத்தப் பாத்ததும் நானா போய்க் கேட்டேன், நீ அவர் பொண்ணுதானேன்னு. தாடையப் பாருங்க. இந்தக் குடும்பத்துத் தாடை வேற யாருக்கும் வராது. அவர் செத்துட்டார்னு அன்னிக்குத்தான் இவ சொல்லி எனக்குத் தெரியும். கட்டடம் விழப்போகுதுன்னு நாங்க கார்ப்பரேஷன் ஆபீஸ்ல எழுதிக் குடுத்தோம். விழாதுன்னு இவ அங்குலம் அங்குலமா அளந்து படம் போட்டு, எங்களுக்கு எதிரா அனுப்பியிருக்கா. மாப்பிள்ளை நேத்திலிருந்து குதிச்சிட்டிருக்கார். இவ சொந்தம் இல்லன்னு நீங்க சொல்றீங்க."

நான் அவளுடைய தாடையைப் பார்த்தேன். நடுவில் லேசாக அமுங்கி, இடது பக்கம் கொஞ்சம் தூக்கிக்கொண்டிருக்கும் தாடை. அதையேதான் தினமும் காலையில் டீ குடிக்கும்போது எனக்கு எதிரே அக்காவின் முகத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். சோபாவுக்கு அடியில் பூனையைக் கண்டுபிடித்தவளுக்குக் கண்ணுக்கு நேரே இருந்த மனுஷ முகம் தெரியவில்லை. இவள் என் அண்ணன் மகள் என்று அக்கா சொன்னாள். இரண்டு தடவை சொன்னாள். எல்லோரும் பொய்ச் சொந்தமாக இருக்கும் வீட்டில் ஒருத்தி நிஜச் சொந்தமாக இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"அப்ப நீங்க யாரு?" என்று டார்ச் கேட்டார். "சித்தி மகள்னா இவ அப்பா உங்களுக்கு அண்ணன் முறை. கூடப் பொறக்காட்டியும் அண்ணன்தான். அவர் பேரச் சொல்லுங்க, கேப்போம்."

எனக்குத் தெரியாது. அக்கா ஒரு நாளும் சொன்னதில்லை. அவளுக்கு அண்ணன் என்று ஒருவர் இருந்ததே எனக்கு இப்போதுதான் தெரியும். ஏதாவது ஒரு பெயரைச் சொல்லிப் பார்க்கலாம் என்றால், அவரோ கேரம் ஆடியவர். என் அண்ணன் வீட்டுக் கூடமும், சுருட்டி வைத்த பாயும், உள்ள ஆள் இருக்கு என்கிற அண்ணியின் குரலும் வரிசையாக வந்து நின்றன. நான் மட்டும் போவதில்லை. அக்காவும், இந்த நேரத்தில் எங்கோ பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருக்கும் கண்டக்டரும் என்னால் தெருவுக்கு வருவார்கள். இவ்வளவு சாமர்த்தியமாக வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

"சின்னத்தை சொல்ல மாட்டாங்க" என்றாள் அவள்.

டார்ச் திரும்பினார்.

"எங்கப்பா பேர இந்த வீட்டுல யாரும் சொல்றதில்ல. சண்ட போட்டுட்டுப் போனவர்தானே. அவர் பொண்ணுன்னு என்னையும் சொந்தமே இல்லன்னுதான் சொல்வாங்க. இப்ப நீங்களே கேட்டீங்க." அவள் குரல் எந்தப் பக்கமும் சாயாமல் வந்தது. "வேணும்னா பெரியத்தைகிட்ட கேட்டுப் பாருங்க. அவங்களும் சொல்ல மாட்டாங்க."

எத்தனையோ ஜோடனைகளைப் பார்த்தவள் நான். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. என் பொய்யை எடுத்து, அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல், நான் சொந்தக்காரிதான் என்பதற்கு அத்தாட்சியாக வைத்துவிட்டாள். சொந்தத்தைச் சொந்தமில்லை என்று சொல்ல ஒரு சொந்தத்தால்தானே முடியும்.

டார்ச் கொஞ்ச நேரம் விளக்கைப் போடுவதும் அணைப்பதுமாக நின்றார். "அது வாஸ்தவம்தான். சாவுக்குக்கூட உங்க அக்கா போகலன்னு அன்னிக்கு இவதான் சொன்னா" என்றார் என்னிடம். கதவுவரை போய்த் திரும்பினார். "அடுத்த வாரம் மாப்பிள்ளையே வர்றார். அவருக்கு இந்தச் சண்டையெல்லாம் தெரியாது. கேக்கிறதுக்குப் பதில் வேணும்பார். பேசி வச்சுக்குங்க." மரப்படியில் அவர் இறங்கும் சத்தம் அடிவரை கேட்டது.

நான் அவளைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். "நிஜமாவே அண்ணன் மகள்னு நீ ஏன் சொல்லல?"

"வந்த அன்னிக்கே அத்தை சொன்னாங்களேக்கா."

"என்னை ஏன் காப்பாத்தின?"

"உங்களுக்காக இல்ல. நீங்க மாட்டினா வீடே போயிடும்" என்றாள். பிறகு, "நான் சொன்னதுல பொய் ரொம்பக் கம்மிதான்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நன்றி என்ற ஒன்று வர வேண்டிய இடத்தில் எனக்கு என்ன வந்தது தெரியுமா? மறுபடியும் சந்தேகம்தான். அக்கா ஏன் எங்களிடம் விளக்கிச் சொல்லவில்லை? நிஜ வாரிசு வந்துவிட்டது தெரிந்தால் சித்தி மகளும் நாத்தனாரும் மிரண்டு ஓடிவிடுவோம் என்றா? இல்லை, நாங்கள் ஓடவேண்டிய நாள் வரும்வரை தெரிய வேண்டாம் என்றா? இனிமேல் என் அறையும் தாழ்ப்பாளும் இந்தப் பெண்ணின் கையில். அவள் நினைத்தால் ஒரு வார்த்தையில் என்னைச் சித்தி மகள் பதவியிலிருந்து இறக்கிவிடலாம். காய்ச்சல் ஏறியது மாதிரி இருந்தது. நான் செய்த காரியத்துக்கு வெட்கமும் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று தள்ளிவிடாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன.

சாயங்காலம் கண்டக்டர் வரும்போதே டார்ச் வந்துபோன விஷயத்தைக் கொண்டுவந்துவிட்டாள். பஸ்ஸுக்கு நின்ற டார்ச்சைப் பார்த்தாளாம். நாங்கள் நாலு பேரும் சாப்பிட உட்கார்ந்ததும், "என்ன கேட்டுட்டுப் போனான்?" என்றாள் அக்கா. அந்தப் பெண் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சொல்லமாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அவள் போட்டுக் கொடுத்திருந்தால் நான் சண்டைக்காவது போயிருப்பேன்.

"நான் இவள சொந்தமே இல்லன்னு சொல்லிட்டேன்க்கா" என்றேன். "மாப்பிள்ளையோட ஆளுன்னு நெனச்சு. அப்புறம் இவ அப்பா பேரக் கேட்டார். எனக்குத் தெரியல."

கண்டக்டர் மெல்லுவதை நிறுத்தினாள். அக்கா தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். டம்ளர் நிறைந்த பிறகும் கொஞ்சம் ஊற்றினாள். மேஜையில் வழிந்ததைப் புறங்கையால் தள்ளிவிட்டாள். என்னைத் திட்டுவாள், அறையைக் காலி செய்யச் சொல்லுவாள் என்று உடம்பெல்லாம் காதாக நான் காத்திருந்தேன்.

"நீ இன்னிக்கு ஒரு தடவதான் சொன்ன" என்றாள் அக்கா. "நான் இத்தன வருஷமா அதத்தான் சொல்லிட்டிருந்தேன்."

கீழே படிக்கட்டில் யாரையோ சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தே பேசினாள்.

"அடுத்த வாரம் மறுபடி கேப்பாங்கல்ல. தெரிஞ்சு வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு, ஒரு பெயரைச் சொன்னாள். சாதாரணமான பெயர்தான். அதைச் சொல்வதற்குள் அவளுடைய தாடை இரண்டு தடவை திறந்து மூடியது. எனக்காகச் சொன்னாளா, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்காகச் சொன்னாளா என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

"சொல்லு பாப்போம்" என்றாள்.

நான் சொன்னேன். குரல் வெளியே வரவில்லை.

"சத்தமாச் சொல்லு. நம்ம அண்ணன் பேர்தானே. எதுக்குத் தயங்கணும்?"

கண்டக்டர் தனக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி அந்தப் பெயரைச் சொன்னேன். அந்தப் பெண் கையைத் தட்டிலேயே வைத்துவிட்டு, கூப்பிட்ட குரலுக்கு அப்பா வந்து நிற்பார் என்பது மாதிரி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.